சிலம்பு யாருடையது? – கோடை விடுமுறைக்குச் சில குடும்ப நாவல்கள்

பிறந்த ஊரைவிட்டு வேற்றூர் சென்று புதுவாழ்வு தொடங்க முற்பட்ட ஒரு குடும்பத்தின் கதைதான் சிலப்பதிகாரம் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. கற்பின் காப்பியம் என்றும், ஊழின் காப்பியம் என்றும், மூவேந்தரையும் ஒருங்கே போற்றும் காப்பியம் என்றும் மேடைதோறும் பேசுகிறோம். அவையனைத்தும் மெய்யே. ஆயினும் கதையின் நடுநாடி எளியது. கைப்பொருளை இழந்த வணிகன் ஒருவன் மனைவியை அழைத்துக்கொண்டு, பெற்றோரிடமும் சொல்லாமல், பொழுது புலரும் முன்னே புகார் நகரை விட்டுப் புறப்படுகிறான். மதுரைக்குச் சென்று வாணிகம் செய்து, இழந்ததையெல்லாம் மீண்டும் ஈட்டிவிடலாம் என்பது அவன் எண்ணம். அந்த வாணிகத்துக்கு முதல் எது? கண்ணகியின் காற்சிலம்பு. கெட்டது கோவலன்; திருந்தியதும் கோவலன்; புதுவாழ்வை விரும்பியதும் கோவலனே. அதற்குரிய செலவு மட்டும் கண்ணகியின் காலிலிருந்து கழன்று வருகிறது.

குடும்ப உறவையும் மறுவாழ்வையும் பேசும் எந்தக் கதையையும் இந்த ஒரு வினாவைக் கொண்டு உரைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். இங்கே விற்கப்படும் சிலம்பு யாருடையது? புதிதாய்த் தொடங்குபவன் ஒருவன். அதன் விலையைத் தருபவர் இன்னொருவர். அந்த இன்னொருவரை நமக்குக் காட்டுகிற நாவல் நல்ல நாவல். மறைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பாயசம் பரிமாறுகிற நாவல் எத்துணை விறுவிறுப்பாக இருந்தாலும் இரண்டாந்தரமே. வரவு செலவுக் கோப்புகளோடு நாளெல்லாம் உழலும் எழுத்தன் ஒருவனுக்கு இலக்கியத்திலும் செலவுப் பத்திதான் முதலில் கண்ணில் படும் போலும் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்.

மார்ச்சுத் திங்கள் இறுதியில் நம் கேரளத்துப் பள்ளிகள் அடைத்தால், மீண்டும் திறக்க ஜூன் பிறந்துவிடும். இந்த இரண்டு திங்களில் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல ஊருக்குப் போய் வருகின்றன. கோயில் கொடை, திருமணம், காதணி விழா எனப் பத்து நாட்கள் கழியும். எஞ்சிய நாட்களில் பிள்ளைகளுக்கு என்ன படிக்கக் கொடுப்பது என்ற கேள்வி இவ்வூரில் ஒரு தனிச் சிக்கலோடு எழுகிறது. சாலைத் தெருவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருப்போர் ஆயினும், கரமனையிலும் வலியசாலையிலும் வேரூன்றியோர் ஆயினும், மாற்றல் உத்தரவோடு வந்து இறங்கிய என் போன்ற மையஅரசு ஊழியர் ஆயினும், நம் பிள்ளைகளில் பெரும்பாலார் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழ் எழுத்தைக் கண்டால் எழுத்துக் கூட்டுகின்றனர். ஆகவே இங்கே நூற்பரிந்துரை என்பது, பெரியவர் வாய்விட்டுப் படிக்க, சிறியவர் கேட்கத் தகுந்த நூல்களின் பரிந்துரையாக இருந்தாக வேண்டும்.

கல்கியைச் சொல்வோர் உண்டு. மறுப்பதற்கில்லை; பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களும் ஒரு கோடையை விழுங்கிவிடும், பிள்ளைகளும் சலிப்பின்றிக் கேட்பர். ஆனால் வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அரியணைப் போட்டி கண்ணுக்கு விருந்தாகுமே தவிர, தன் கதையாகாது. நம் கதையைச் சொல்லும் நாவல்கள் நம் ஊரிலேயே, நம் தெருக்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. தமிழ் நாவல் வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கென ஓர் இடம் உண்டு என்பதைத் தமிழகத்துத் திறனாய்வாளர் அறிந்த அளவுக்கு இவ்வூர்த் தமிழராகிய நாம் அறியவில்லை என்பது வருந்தத்தக்கது.

முதலில் சொல்ல வேண்டியது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. இதன் ஆசிரியை பர்மாவில் பிறந்து, குமரி மாவட்டத்தில் வளர்ந்து, இந்நகரில் ஆங்கிலப் பேராசிரியையாக விளங்கியவர், 2012இல் மறைந்தார். அளவில் சிறிய நூல். பனைவிளை என்ற சிற்றூரில், பழம்பெருமை மிஞ்சி வருவாய் குன்றிப்போன ஒரு வீடு. அவ்வீட்டுப் பேத்தி லிஸி. பனையேறும் அன்பையனின் மகன் தங்கராஜ். பனைக்கு உடைமையாளர் வீட்டுப் பெண்ணும் அப்பனையில் ஏறுவோர் வீட்டுப் பையனும் ஒருவரையொருவர் விரும்புவதும், ஊரும் வீடும் அதற்கு இசையாமையும், இடையே நிகழும் ஒரு கொலையும் அதன் பழியுமாகக் கதை நகர்கிறது.

இவ்வளவில் சொன்னால் திரைப்படக் கதை போலத் தோன்றும். ஆசிரியையின் திறம் வேறிடத்தில் இருக்கிறது. லிஸியின் மீது மிகுந்த பாசம் கொண்டவர் அவளுடைய பாட்டனார் கண்ணப்பச்சி. அவளை அடைத்து வைக்கும் கதவுகளில் மிகவும் கனமான கதவும் அவரே. கொடியவர் எவரும் வேண்டியதில்லை, அன்பே பூட்டாகிவிடுகிறது. பருவம் வந்த பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லில் அவளுடைய படிப்பு நிற்கிறது. சன்னலுக்கு வெளியே தெரியும் அளவே அவளுக்கு உலகம். கண்ணகியும் கோவலனும் செய்ததுபோல விடியுமுன் புறப்பட்டுப் போக அவளால் முடியாததன்று. அவள் போகவில்லை. வீடு தானே வாய்திறந்து இசைவு தரும்வரை காத்திருக்கிறாள்.

இந்தக் காத்திருப்பைப் பெண்மையின் பொறுமை என்று பாராட்டுவது எளிது, மேடைக்கும் ஏற்றது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் புதுவாழ்வின் விலையைப் பிறர் தலையில் அவர் அறியாமல் சுமத்த மறுக்கிறாள் லிஸி. அந்த மறுப்பில் ஒரு நிமிர்வு இருக்கிறது. ஆனால் அதற்காக அவள் கொடுத்தது தன் இளமையின் பல ஆண்டுகளை. சிலம்பு அவளுடையதே, விற்றவளும் அவளே. இது சரிதானா என்று உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கல்லூரிக்குப் போகும் பெண் ஒன்று சொல்வாள். அவளுடைய பாட்டி வேறொன்று சொல்வார். இரண்டுக்கும் நூலில் இடமுண்டு.

இந்நூலின் பேச்சுமொழி குறித்து ஒரு சொல். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் வாசகர் குமரி வழக்கைக் கண்டு மலைத்து, பொருள் தேடி இடர்ப்படுவர். நம் பிள்ளைகளுக்கு அந்த இடர்ப்பாடு பாதிகூட இல்லை. மலையாளம் கலந்த தமிழ் அவர்கள் தெருவில் கேட்டு வளர்ந்த மொழி. 'விளை' என்றாலும் 'சக்கை' என்றாலும் அவர்களுக்கு அகராதி வேண்டியதில்லை. செந்தமிழ்ப் பாடநூலில் தடுமாறும் சிறுவன், வட்டார வழக்கில் அமைந்த உரையாடலைக் கேட்டுச் சிரிக்கிறான். பிறமொழிச் சூழலில் வளர்ந்தமை நம் பிள்ளைகளுக்குக் குறையென்றே எண்ணிப் பழகிவிட்டோம். இந்த நாவல்களின் முன்னே அது ஒரு தகுதியாக மாறிவிடுகிறது.

அத்தகுதி மிகவும் பயன்படும் நூல் நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்'. 1938இல் இந்நகரில் பிறந்த ஆசிரியர், கேரள மின்வாரியத்தில் பொறியாளராகப் பணிபுரிந்துகொண்டே எழுதியவர். இந்நாவல் 1968இல் வந்தது, க.நா. சுப்ரமண்யம் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தமிழ் எழுத்தே கூடாத பிள்ளைகளுக்கு அந்த ஆங்கில நூலையேனும் தேடிக் கொடுக்கலாம். இரணியலில் வாழும் ஒரு செட்டியார் சமூகத்தின் பிறப்பு, சடங்கு, திருமணம், சாவு அனைத்தும் இதில் அடங்கும். நடுவே நாகம்மை என்ற பெண். அவளை மணந்த செவந்தபெருமாள், பெண்மைக் குறையுடையவள் என்ற பழியைச் சூட்டிப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுகிறான். குறை எவரிடம் என்பதை ஊர் கேட்பதில்லை. அவளுடன் பிறந்த திரவி கேட்கிறான். அவளுக்கு மறுமணம் செய்துவைக்க முனைகிறான்.

உண்ணாமலை ஆச்சி என்னும் பாட்டியைப் போன்ற பாத்திரம் தமிழ் நாவலில் மிகச் சிலவே உண்டு. மரபு முழுவதும் அவள் வாயில் கதையாக இருக்கிறது. சடங்குகளை விரித்துரைக்கும் நீண்ட பகுதிகளில் இளையோர் கொட்டாவி விடுவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்பகுதிகளை உங்கள் வீட்டுப் பாட்டியார் அருகிருக்கும்போது படியுங்கள். "எங்கள் பக்கம் இப்படி இல்லை" என்று அவர் குறுக்கிடுவார். அந்தக் குறுக்கீட்டில் தொடங்கும் பேச்சு, நாவலுக்கு நிகரான இன்னொரு நாவலாக வளர்வதும் உண்டு.

குறையும் சொல்ல வேண்டும். திரவியின் நல்லெண்ணத்தை ஆசிரியர் சற்று அதிகமாகவே நம்புகிறார். உடன்பிறந்தவளின் மறுவாழ்வுக்காக ஊரையே எதிர்க்கும் இளைஞன் போற்றத்தக்கவன்தான். ஆனால் அந்த மறுவாழ்வைப் பற்றி நாகம்மையின் வாய்ச்சொல் எத்தனை இடங்களில் கேட்கிறது? அவளைக் கீழே தள்ளியவனும் ஆண். கைதூக்கிவிட வருபவனும் ஆண். இருவருக்கும் இடையே நடக்கும் வழக்கில் அவள் வழக்குப் பொருளாக நிற்கிறாள். ஆசிரியர் இதனை அறிந்தே எழுதினாரா, அன்றி அக்காலத்துச் சீர்திருத்த உணர்வு அவரையும் ஈர்த்துச் சென்றதா என்பதைப் படிப்போர் முடிவு செய்யட்டும். இந்நாவலைத் தழுவி 2010இல் 'மகிழ்ச்சி' என்ற திரைப்படமும் வந்தது. படத்தைப் பார்த்தவர்களும் நூலைப் படிக்க வேண்டும். ஆச்சி நூலில்தான் முழுமையாக இருக்கிறாள்.

இனி, என் கருத்தில் இவ்வூரின் குடும்பம் ஒவ்வொன்றும் படித்தாக வேண்டிய நூல். அதே ஆசிரியரின் 'பள்ளிகொண்டபுரம்', 1970. தலைப்பு அனந்தசயனனின் நகராகிய நம் ஊரையே குறிக்கிறது. அனந்தன் நாயருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். கோயிலுக்குச் செல்கிறார், கோட்டைப் பகுதியிலும் நகரின் தெருக்களிலும் அலைகிறார், நடக்க நடக்க நினைவு விரிகிறது. மனைவி கார்த்தியாயினி பல்லாண்டுகளுக்கு முன், உயர்பதவியிலிருந்த விக்கிரமன் தம்பியிடம் போய்விட்டாள். மகன் பிரபாகரனையும் மகள் மாதவிக்குட்டியையும் நாயர் தனியொருவராக நின்று வளர்த்திருக்கிறார். நலிந்த உடலும் குறைந்த வருவாயும் அவருடையவை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார்.

பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தேன் என்ற அந்த நினைப்பில்தான் நாவலின் முள் இருக்கிறது. மனைவி போன அன்றே அவரும் ஒரு புதுவாழ்வு தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. பிரிவைத் தம் மார்பில் ஒரு பதக்கம் போல அணிந்துகொண்டு, அதற்கு ஈடாகப் பிள்ளைகளின் நன்றியை எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழித்தார். வளர்ந்த பிள்ளைகளோ, தந்தை தம் தியாகத்துக்குக் குறித்து வைத்திருக்கும் விலையை அப்படியே ஏற்க ஆயத்தமாக இல்லை. நாம் கேட்காத கடனுக்கு நம்மிடம் வட்டி ஏன் என்பது அவர்கள் நிலை. தாயைப் பற்றி அவர்களுக்கென்று ஒரு பார்வை உண்டு. அது தந்தையின் பார்வையன்று.

அன்பர்களே, நாயர் குடும்பத்தின் கதையைத் தமிழர் ஒருவர் தமிழில் எழுதியிருக்கிறார் என்பதோடு இதனை வைத்துவிடலாகாது. "உங்களுக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தோம், உங்கள் படிப்புக்காகத்தான் சொந்த ஊரில் இருந்த வீட்டை விற்றோம்" என்ற சொல் நம்மில் எத்தனை வீடுகளில் ஒலிக்கிறது! பதவி உயர்வுக்காக வந்தவரும் இதையே சொல்கிறார், கடை விரிவாக்கத்துக்காக வந்தவரும் இதையே சொல்கிறார், நானும் சொல்லியிருக்கிறேன். குடிபெயர்ந்த குடும்பத்தின் தேசிய கீதம் அது. பிள்ளைகள் தலைகுனிந்து கேட்டுக்கொள்கின்றனர். அவர்கள் மனத்துக்குள் என்ன மறுமொழி ஓடுகிறது என்பதை அறிய வேண்டின் 'பள்ளிகொண்டபுரம்' படிக்க வேண்டும். அதில் அனந்தன் நாயரைக் கேலி செய்யும் நோக்கம் இல்லை. அவருடைய வேதனை மெய்யானது, இரக்கத்துக்குரியது. ஆயினும் அவருக்கு எதிராகப் பிள்ளைகளிடமிருந்து எழும் குரலும் மெய்யானதே என்று ஆசிரியர் விட்டுவைத்திருக்கிறார். பெரியவர் இந்நூலைத் தனியே படிக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளையும் தனியே படிக்கட்டும். படித்ததைப் பேசிக்கொள்ள வேண்டுமென்ற கட்டாயம்கூட இல்லை.

கார்த்தியாயினிக்கு மட்டும் ஆசிரியர் போதிய நீதி செய்யவில்லை என்பேன். அனந்தன் நாயரின் நினைவின் வழியாகவே கதை நகர்வதால், புதுவாழ்வைத் துணிந்து தேர்ந்தவளாகிய அவளை நாம் முழுதும் கேட்பதில்லை. உத்தி அவ்வாறு அமைந்தது என்று அமைதி கூறலாம். உத்தியைத் தேர்ந்தவரும் ஆசிரியர்தானே என்று திருப்பிக் கேட்கவும் கேட்கலாம்.

சாலைத் தெருவின் கதைஞர் ஆ. மாதவனைப் பற்றி இம்மலரைப் படிப்போருக்கு அறிமுகம் தேவையில்லை. சாலைக் கடைத்தெருவில் வணிகம் நடத்திக்கொண்டே எழுதியவர். 2015இல் 'இலக்கியச் சுவடுகள்' நூலுக்குச் சாகித்திய அக்காதெமி விருது பெற்று, 2021 ஜனவரியில் மறைந்தார். அவருடைய 'புனலும் மணலும்' 1974இல் வெளிவந்தது. ஆற்றில் மூழ்கி மணல் வாரும் தொழிலாளி அங்குசாமி. அவன் தங்கம்மையை விரும்பி மனைவியாக்கிக்கொள்கிறான். தங்கம்மைக்கு முன்னமே ஒரு மகள் உண்டு; பெயர் பங்கி. பார்க்க அழகில்லாத பெண். தங்கம்மையின் மீது அவ்வளவு அன்பு கொண்ட அங்குசாமிக்குப் பங்கியைக் கண்டாலே ஆகாது. காரணம் சொல்லத்தக்க குற்றம் எதுவும் அப்பெண் செய்யவில்லை. அவள் அவனை அப்பனாகவே கருதி உழைக்கிறாள். யாரோ பெற்ற பையன் தாமோதரனிடம் ஊறும் பாசம், மனைவி பெற்ற மகளிடம் அவனுக்கு ஊற மறுக்கிறது.

மறுமணம் பற்றித் தமிழில் எழுந்த நாவல்கள் பலவும் மணமேடையோடு முடிந்துவிடுகின்றன. மாதவன் மணமேடைக்கு அப்பால் தொடங்குகிறார். இரண்டு பெரியவர்கள் கூடி ஒரு புதுவாழ்வு அமைக்கையில், அவ்வாழ்வுக்குள் கேட்காமலே இழுத்து வரப்பட்ட குழந்தையின் நிலை என்ன? வேண்டும் மனைவி, வேண்டாம் அவள் மகள் என்ற அங்குசாமியின் உள்ளத்தை ஆசிரியர் கண்டிப்பதும் இல்லை, மன்னிப்பதும் இல்லை. ஆற்றின் போக்கையும் மணலின் இயல்பையும் சொல்வது போலவே சொல்லிச் செல்கிறார். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. நான் படித்த தமிழ் நாவல்களில் இத்துணைக் கடுமையான முடிவு இரண்டோ மூன்றோதான். பங்கியை மறப்பது எளிதன்று. ஆற்று மணல் அள்ளுவது பற்றி இந்நாளில் வழக்குகளும் தடைகளும் எழுந்துள்ள நிலையில், அத்தொழில் மனித உடலால் செய்யப்பட்ட காலத்தின் ஆவணமாகவும் இது நிற்கிறது. அவருடைய 'கிருஷ்ணப் பருந்து' இன்னும் ஆழமானது என்பாருண்டு. இருக்கலாம். ஆயினும் மனைவியை இழந்து தனித்து வாழும் ஒரு முதியவரின் மனத்தையும் உடலையும் பேசும் அந்நூல், கூடத்தில் அமர்ந்து குடும்பத்தோடு படிக்கத்தக்கதன்று.

நகுலனை ஏன் விட்டாய் என்று கேட்கும் நண்பர்களுக்கு: மாரிவானியோஸ் கல்லூரியின் அந்தப் பேராசிரியரை விடவில்லை, ஒத்தி வைக்கிறேன். 'நினைவுப்பாதை' கோடை வெயிலில் உரக்கப் படிக்கும் நூலன்று.

நகருக்கு வெளியே சென்றால், நம் நிலைக்கு மிக அணுக்கமானவை இரண்டு. சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்', 1998இல் வந்த பெருநாவல். 1930களின் இறுதியில் கோட்டயத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் அதன் களம். ஆசிரியரே எட்டு வயதுவரை அவ்வூரில் வளர்ந்தவர். அச்சம் மிகுந்த சிறுவன் பாலு, கண்டிப்பான தந்தை எஸ்.ஆர்.எஸ்., நோயுற்ற தாய் லக்ஷ்மி, கணவனை இழந்தும் வாழ்வை இழக்க விரும்பாத ஆனந்தம் எனப் பாத்திரங்கள் நெருங்கிய உறவினர் போல ஆகிவிடுகின்றனர். பக்கங்கள் மிகுதி, ஒரு விடுமுறைக்கு அது ஒன்றே போதும்.

மற்றொன்று அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', 1977. செகந்தராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பையன் சந்திரசேகரன்; தந்தை ரயில்வே ஊழியர். இந்தியா விடுதலை பெற்றபின், 1948 செப்டம்பரில் இந்தியப் படை புகும்வரை ஐதராபாத்து நிலவரம் குலைந்து கிடந்த காலம். கிரிக்கெட்டு, கல்லூரி, வீட்டுக் கறவை மாடு என அன்றாடம் ஒருபுறம் நடக்க, பக்கத்து வீட்டாரோடு பேச்சு நின்றுபோவது மறுபுறம் நடக்கிறது. வேற்றுமொழி நிலத்தில் வாழும் ஊழியர் குடும்பம், தனக்குத் தொடர்பில்லாத அரசியலில் எவ்வாறு ஒரு பக்கத்தில் நிறுத்தப்படுகிறது என்பதை இதைவிட அமைதியாகச் சொன்ன நூலை நான் அறியேன். கடைசிப் பக்கங்களைப் பெரியவர் முதலில் தாம் படித்துவிட்டுப் பிறகு பிள்ளையிடம் கொடுப்பது நன்று.

ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' பலரும் அறிந்தது. வளர்ப்புத் தந்தை சபாபதி இறந்தபின், அவர் சொல்லக் கேட்டு மட்டுமே அறிந்த கிருஷ்ணராஜபுரத்துக்கு வந்து, பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து குடியேறுகிறான் ஹென்றி. இரத்த உறவு இல்லை. மதமும் பெயரும் வேறு. தந்தையின் தம்பி துரைக்கண்ணுவோ வாரி வழங்க முன்வருகிறார். பங்கு பிரிக்கக் கூடும் பஞ்சாயத்து, விட்டுக்கொடுப்பதில் போட்டியாக மாறும் அந்தக் காட்சி இன்பமானது. என் அளவுகோலால் பார்த்தால் இங்கே எவருமே விலை தருவதில்லை. எல்லாரும் நல்லவராக இருப்பதால் கணக்கே எழவில்லை. வாழ்வு இப்படி இருக்குமா என்றால் இராது. இருந்தும் 'புனலும் மணலும்' படித்த வாரத்தை அடுத்து இதனைப் படிப்பது உடல்நலத்துக்கு நல்லது.

நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' (1977) பணக்கார மாமனார் வீட்டில் மதிப்பிழந்து நிற்கும் படித்த ஏழை மருமகன் சிவதாணுவின் கதை. 'சொல்ல மறந்த கதை' என்று 2002இல் படமாக வந்ததும் இதுவே. இதில் உண்மையில் புதிதாய்த் தொடங்க வேண்டியவள் மனைவி பார்வதி. பிறந்தகத்துச் செல்வத்தையும் கணவனின் தன்மானத்தையும் எடைபோட வேண்டிய இடத்தில் அவளே நிற்கிறாள். புதிதாக மணமான இளையோர் படிக்கலாம். மாமனார்களும் படிக்கலாம்.

நூல்கள் கிடைக்குமா என்ற ஐயம் வேண்டா. இவற்றுள் பலவும் மறுபதிப்புக் கண்டவை. 1829இல் தோன்றிய நம் நகரப் பொது நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் 'புத்தம் வீ'ட்டில் தொடங்கினால், நாளொன்றுக்கு இருபது பக்கம் என்ற அளவில் பத்து நாட்களுக்குள் முடித்துவிடலாம். மின்விசிறிக்குக் கீழே, இரவு உணவுக்கு முன், ஒருவர் படிக்க மற்றவர் கேட்பது வசதி. உரையாடல் வரும் இடங்களைப் பிள்ளைகளையே படிக்க விடுங்கள். எழுத்துக் கூட்டினாலும் தாழ்வில்லை, அடுத்த சொல் என்னவென்று அறியும் ஆவலில் கூட்டிவிடுவர்.

நீல. பத்மநாபனின் 'உறவுகள்' (1975) நாவலை மட்டும் ஜூனுக்கு ஒதுக்கி வையுங்கள். மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் தந்தையின் அருகிருந்து, மகன் ஒருவன் தன் உறவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கும் பெரிய நூல் அது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், இடவப்பாதி மழை கூரையில் இறங்கும் மாலைகளில், ஊரில் வயதான பெற்றோரை விட்டுவந்தவர்கள் தனியே படிக்க வேண்டியது.